மூன்று முழக் கயிறு

என்னால் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது. வாளி நிறைந்து கயிறு இறுகும்போது கையை விட்டுவிடுவேன். உறவினர் வீடுகளில் இப்படி எத்தனையோ வாளிகளைத் தாழவிட்டிருக்கிறேன். "படம் கீறுற கை எல்லோ, பூப்போல வைச்சிருக்கிறா" என்று பெரியம்மா ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்துவிடுவேன். பட்டமும் விட்டதில்லை. கயிற்றின் மறுபக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்னை இழுப்பது எனக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் தெரியாது என்பேன். அது பொய். கொஞ்சம் தெரியும்.

நான் படம் வரைகிறவள். திருகோணமலை நகரத்தில் உட்துறைமுகம் தெரிகிற ஒரு மேல்மாடி அறையில் இருந்து வரைகிறேன். காலையில் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பது சோற்றுக்கு. பின்னேரத்தில் வரைவது எனக்கு. பத்து வருடமாக நான் வரைந்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்கள்தான். கண் மூடித் திறக்கும் பொம்மை, அதன் ஒரு கண் மட்டும் மூடாது. மீன் ரின்னில் செய்த லொறி. இறப்பர்ச் செருப்பை வெட்டிச் செய்த சில்லு. சாவி தொலைந்த தகரத் தவளை. எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு, சிலவற்றைச் சுவர் அளவுக்கு வரைவேன். சின்ன வயதில் அவை அவ்வளவு பெரிதாகத்தான் தெரிந்தன என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். நல்ல பதில், எல்லாரும் தலையாட்டுவார்கள்.

ஆனால் நான் அதிகம் வரைந்தது ஒரு வள்ளத்தை. ஒரு முழத்துக்குக் குறைவான மர வள்ளம். உள்ளே குறுக்குப் பலகைகூட வைத்து, உண்மையான வள்ளத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். வெளிறிய நீலம், விளிம்பில் மஞ்சள் கரை. அந்தக் கரையில் ஓர் இடத்தில் மட்டும் வர்ணம் நசுங்கி, உள்ளே மெல்லிய வளைகோடுகளோடு ஒரு தழும்பு இருக்கும். அதையும் ஒன்றுவிடாமல் வரைவேன். முன்பக்கம் ஒரு துளை. துளையில் பச்சை நைலோன் கயிறு. என் எல்லாப் படங்களிலும் அந்தக் கயிறு வள்ளத்திலிருந்து புறப்பட்டு, இறுகி நேராகப் போய், துணியின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். முடிவதில்லை.

முடிக்க முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை கயிற்றின் நுனியில் ஓர் ஆணியை வரைந்தேன். பிறகு ஒரு குழந்தையின் கையை. இரண்டையும் சுரண்டி எடுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், அந்தக் கயிறு கலைஞருக்கும் பிறந்த மண்ணுக்கும் உள்ள அறுபடாத உறவு என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். வாசித்துவிட்டு அதே பத்திரிகையில் தூரிகை துடைத்தேன். அறுபடாததாம்! அறுத்தவள் நான்.

சுனாமி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கத்துக்குக் கடல் வரவில்லை. உட்துறைமுகத் தண்ணீர் கொஞ்சம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். வெளிக்கடல் பக்கத்தில்தான் எல்லாம் போயிற்று. நகரத்துக்கு வடக்கே சல்லியில் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன் குடும்பம் இருந்தது. வீடு போய்விட்டது, ஆட்கள் பிழைத்துக் கோயிலடியில் இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மூன்றாம் நாள் அப்பா அவர்களுக்கு உடுப்பும் சாப்பிடப் பாணும் கொண்டுபோகப் புறப்பட்டார். அம்மா நகரத்தில் ஒரு கோயிலில் அகதிகளுக்குச் சமைக்கப் போயிருந்தார். கடல் திரும்ப வரப்போகிறது என்று ஊரெல்லாம் கதை. அதனால் என்னைத் தனியே வீட்டில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே கண்டதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பது வயதில் நானும் எல்லாவற்றையும் காணவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கவிழ்ந்த வள்ளத்தின் மேல் என்னை இருத்தி, "இந்த இடத்தை விட்டு அசையப்படாது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பாவோடு கதைக்கப் போனார். நான் அசைந்தேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளையாக ஒருநாளும் இருந்ததில்லை.

கோயில் கிணற்றுக்குப் பின்னால் ஒரு வேம்பு. வேம்புக்கு அருகில் விழுந்த வேலியும் கிழிந்த வலையும் ஒரு தென்னங்குற்றியும் மணலும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் கிடந்தது. அந்தக் குவியலின் அடியிலிருந்து பச்சைக் கயிறு ஒன்று வெளியே வந்திருந்தது. அதன் நுனியில், சேற்றில் பக்கவாட்டாகச் சாய்ந்தபடி அந்த வள்ளம்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. என்னிடம் இருந்ததெல்லாம் கடைச் சாமான்கள், பிளாஸ்ரிக். எனக்கென்று யாரும் ஒன்றைச் செதுக்கித் தந்ததில்லை. அப்பா கந்தோரில் கோப்புகளோடு காலம் தள்ளியவர், அவருக்கு ஆணி அடிக்கவே தெரியாது. வள்ளத்தைத் தூக்கினேன். கயிறு இறுகியது. இழுத்தேன். கயிறு கொஞ்சம் வந்தது, பிறகு உள்ளே போயிற்று. கல்லிலோ மரத்திலோ சிக்கிய கயிறு அப்படிச் செய்யாது. அதில் ஒரு கனம் இருந்தது, அந்தக் கனம் இளகியதாகவும் இருந்தது. இதை அன்றைக்கே என் கை அறிந்துவிட்டது. அறிந்ததைத் தலைக்குச் சொல்லவில்லை.

பக்கத்தில் உடைந்த போத்தல் ஒன்று கிடந்தது. அதன் ஓட்டால் கயிற்றை அறுத்தேன். நைலோன் இலேசில் அறுபடாது. நாலைந்து தடவை தேய்த்தேன். அறுந்ததும் மற்ற நுனி வேலிக்குள் சர்ரென்று போய்விட்டது. நான் குனிந்து பார்க்கவில்லை. பாண் கொண்டுவந்த வெற்றுப் பைக்குள் வள்ளத்தைப் போட்டுக்கொண்டு, ஓடிப்போய்ப் பழைய இடத்தில் இருந்துகொண்டேன். அப்பா வந்து, "நல்ல பிள்ளை" என்றார்.

வீட்டில் அம்மா கண்டுபிடித்தார். "எங்கால இது?" என்றார். "பெரியப்பா தந்தவர்" என்றேன். "கடல் கொண்டுவந்து போட்டதை வீட்டுக்குள்ள எடுக்கப்படாது, அது ஆரின்ர பிள்ளையின்ரயோ" என்று முணுமுணுத்தார். ஆனால் பெரியப்பா தந்தது என்றால் என்ன செய்வது. விட்டுவிட்டார்.

அந்த வள்ளத்தை நான் ஆசை தீர விளையாடியதாக நினைக்காதீர்கள். ஒரேயொரு தடவை எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் விட்டேன். அது மிதந்து கொஞ்ச நேரத்தில் திரும்பி, மூக்கை என் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. அறுந்த கயிறு என்னை நோக்கித் தண்ணீரில் நீண்டு கிடந்தது. காற்றுத்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுகூட நினைவிருக்கிறது. இருந்தும் வெளியே எடுத்துத் துடைத்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு அதைத் தண்ணீரில் விடவில்லை. வரைய மட்டும் செய்தேன். பன்னிரண்டு வயதில் கொப்பியின் பின்பக்கத்தில், பதினெட்டில் கரியால், பிறகு எண்ணெய் வர்ணத்தில். வேறு எதை வரையத் தொடங்கினாலும் ஓரத்தில் அந்தக் கயிறு வந்து நின்றது. பேய் பிடித்தவள்போல வரைகிறாய் என்று என்னோடு படித்த ஒருத்தி சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். நான் அவளோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

சென்ற வருடம் நகரத்தில் ஒரு மண்டபத்தில் என் படங்களைக் காட்சிக்கு வைத்தேன். பத்து நாள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் வள்ளம், இருந்த படங்களிலேயே பெரியது. அந்த அளவில் மஞ்சள் கரையின் தழும்பு என் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

மண்டபத்தைக் கூட்டித் துடைக்க ஒரு பெண் வருவார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், கதைக்கமாட்டார். காலையில் நான் போகும்போது மண்டபம் முழுக்கக் கூட்டி முடித்திருப்பார். அந்த வள்ளப் படத்தின் முன்னால் மட்டும் தும்புத்தடியோடு நின்றுகொண்டிருப்பார். மூன்று நாள் இப்படிக் கண்டேன். நாலாம் நாள் நான் உள்ளே வரும்போது அவர் கையை நீட்டிப் படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா! கை வைக்காதேங்கோ! கைவேர்வை பட்டாப் பழுதாப் போயிடும், தெரியாதே?" என்று கத்தினேன். பள்ளிக்கூடக் குரல், மண்டபமே எதிரொலித்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். எடுத்தபோதுதான் கண்டேன், அவர் தொட்டுக்கொண்டிருந்தது அந்தத் தழும்பை. அதன் நடுவில் தன் பெருவிரலை வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ்" என்றார். பிறகு, "இந்த வள்ளம் உங்களிட்ட எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

"சின்ன வயதில விளையாடினது" என்றேன். எல்லாருக்கும் சொல்கிற பதில் வாயில் தயாராக இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, ஓம் என்றா என்று தெரியாத ஓர் ஆட்டம்.

"என்ர மனுசன் செய்தது மிஸ். முள்முருக்கு மரத்தில. சல்லியில நாங்கள். எங்கட வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின நீலத்தை இதுக்கு அடிச்சவர். போதாமப் போச்செண்டு வெள்ளையைக் கலந்தவர். அதுதான் இந்த நிறம். இதைக் கடையில வாங்கேலாது." படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "பெயின்ற் காய முந்தி என்ர மகன் தூக்கிப்போட்டான். எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. இது அவன்ர பெருவிரல்."

தழும்பு, தழும்பு என்று பத்து வருடமாக ஒரு குழந்தையின் விரலடையாளத்தை வரைந்துவந்திருக்கிறேன். கோடு கோடாக, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து. ஒரு கதிரையை இழுத்து அவரை இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை.

"ஆறு வயசு மிஸ் அவனுக்கு. அண்டைக்குக் காலமை நான்தான் இடுப்பில கட்டிவிட்டனான்."

"எதை?" என்றேன்.

"வள்ளத்தைத்தான். எங்கட பக்கம் சின்னப் பிள்ளையள் வள்ளம் விடேக்க கயிற்றை அறுணாக்கொடியில கட்டித்தான் விடுறது. கையில குடுத்தா விட்டிடுவினம். வள்ளத்தைக் கடல் இழுக்கும், வள்ளத்துக்குப் பின்னால பிள்ளை ஓடும். இடுப்பில கட்டினா வள்ளமும் போகாது, பிள்ளையும் போகாது."

நான் நகரத்துப் பிள்ளை. அறுணாக்கொடி தெரியும், எங்கள் வீட்டு ஆண்குழந்தைகளுக்கும் இடுப்பில் அந்தக் கயிறு கட்டுவார்கள். ஆனால் அதில் விளையாட்டு வள்ளத்தைக் கட்டுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் அந்த வேலிக்கு முன்னால் நின்று கத்தியிருப்பேனா? அப்பாவைக் கூப்பிட்டிருப்பேனா? இப்போது எதையும் சொல்லலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது யோசனை அல்ல. உள்ளங்கையில் அந்த இழுவை வந்தது. கொஞ்சம் வந்து, பிறகு உள்ளே போன அதே இழுவை. கையைச் சட்டையில் துடைத்தேன், போகவில்லை.

அவர் கதைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக ஒரேமாதிரிச் சொல்லிப் பழகிய குரல்.

"ஒவ்வொரு நாளும் போய்த் தேடினனான் மிஸ். கிடைச்ச ஆக்களை ஒரு மண்டபத்தில கிடத்தி வைச்சிருந்தவை. முகத்தைப் பாக்கேலாது எண்டு உள்ள விடேல்லை. அடையாளத்தைச் சொல்லுங்கோ எண்டினம். நீல வள்ளம் இடுப்பில கட்டின பிள்ளை எண்டு எல்லாரிட்டையும் சொல்லிவைச்சனான். அஞ்சாம் நாள் ஒருத்தர் வந்து, இடுப்பில கயிறோட ஒரு பிள்ளை வந்திருக்கெண்டு சொன்னார். வள்ளம் இருக்கோ எண்டு கேட்டன். வள்ளம் இல்லை, வெறுங்கயிறு எண்டார். அப்ப அது என்ர பிள்ளையில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அவர் இப்போது என் பக்கம் திரும்பினார். அதுவரை இல்லாத ஒரு துடிப்பு முகத்தில் இருந்தது.

"நீங்கள் இதை எடுக்கேக்க கயிறு அவிண்டு கிடந்ததோ மிஸ்? இல்லாட்டி எதிலையும் கட்டியிருந்ததோ?"

இதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது, அதைச் சொல்வதற்கு உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவிண்டுதான் கிடந்தது அக்கா. கரையில. சும்மா கிடந்தது."

"எனக்குத் தெரியும்!" என்றார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியும். தேப்பன் காட்டிக் குடுத்தவர். தண்ணி வரேக்க தானே அவிட்டுப்போட்டு ஓடியிருப்பான். ஆரும் கொண்டுபோய் வளத்திருப்பினம். எத்தினை பிள்ளையள் அப்பிடிப் போனது. எல்லாரும் எனக்குப் பைத்தியமெண்டவை. இப்ப அவனுக்கு இருபத்தேழு." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஒவ்வொரு தீவாளிக்கும் ஒரு சேட் வாங்கி வைக்கிறனான். அளவு தெரியாது. ஊரில அந்த வயசுப் பெடியளைப் பாத்து வாங்கிறது."

நான் அவர் கைக்குள் இருந்த என் கையை எடுக்கமாட்டாமல் நின்றேன். அந்த வள்ளம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தருவீர்களா என்று கேட்டார்.

"ஓம். ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்ட கொண்டுவந்து தாறன்."

அதன்பிறகு மூன்று நாள் நான் மண்டபத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், பெரியப்பா தரவில்லை என்பதிலிருந்து. அப்பா இல்லை இப்போது; இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன், அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். அம்மா குசினிக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"கயிற்றைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வள்ளத்தை மட்டும் குடு" என்றார். "அந்த மனுசி இவ்வளவு காலமும் பிள்ளை இருக்கெண்டு இருந்திட்டுது. இனி அதைப் பறிச்சு உனக்கென்ன வரப்போகுது?"

"கயிறு எங்க எண்டு கேட்டா?"

"உக்கிப் போச்செண்டு சொல்லு."

அம்மா சொன்னதில் பிழை இல்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நைலோன் உக்காது என்பதை ஒரு மீன்காரப் பெண்ணுக்கு மறைக்க முடியாது என்பது வேறு விஷயம். ஞாயிறு மத்தியானம் வள்ளத்தை மேசையில் வைத்துக் கத்திரிக்கோலையும் எடுத்தேன். துளையில் இருந்த முடிச்சு அந்தத் தகப்பன் போட்டது. கத்திரியை அதில் வைத்தேன். கை மூடமாட்டேன் என்றது. ஏற்கெனவே ஒருமுறை அறுத்தாயிற்று. வள்ளத்தைக் கயிறோடு ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

சல்லியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சைக்கிள்கள் வேலியில் சாய்ந்து நின்றன. மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது கிணற்றையும் வேம்பையும் கண்டேன். வேம்பு பெருத்திருந்தது. குவியல் கிடந்த இடத்தில் இப்போது யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப முடியவில்லை.

அவருடைய வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கல்வீடுகளில் ஒன்று. சுவரில் இரண்டு படங்கள். கணவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பையனின் படத்துக்கு மாலை இல்லை; பொட்டு வைத்த கன்னம், ஒரு முன்பல் இல்லாத சிரிப்பு. அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

துவாயை அவிழ்த்து வள்ளத்தை அவர் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அவர் அதைத் தொடவேயில்லை. பிறகு பெருவிரலை அந்தப் பெருவிரலின் மேல் வைத்தார். இங்கே அது சின்னது. அவர் நகத்தின் அளவுகூட இல்லை. "என்ர ராசா" என்றார். குறுக்குப் பலகையைத் தடவினார், துளையைத் தடவினார், முடிச்சைத் தடவினார். அவர் விரல்கள் கயிற்றில் இறங்கி நுனிக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நொடியிலாவது என் வாயில் ஏதாவது பொய் வரும் என்று காத்திருந்தேன்.

விரல் நுனியில் நின்றது.

கிழிந்த வலைகளைப் பொத்திப் பழகிய பெண். அவிழ்த்த கயிற்றையும் அறுத்த கயிற்றையும் அவர் பார்க்கத் தேவையில்லை. நுனியை இரண்டு விரலால் உருட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. முழங்கையில் ஒரு நுனியை வைத்துக் கயிற்றை விரல்வரை நீட்டி அளந்தார். ஒரு முழம். இன்னொரு தடவை அளந்தார். ஒரு முழம்தான்.

"நாலு முழம் விட்டுக் கட்டினனான்" என்றார்.

நான் சொன்னேன். வேலி, வலை, தென்னங்குற்றி, போத்தல் ஓடு, கயிறு கொஞ்சம் வந்து உள்ளே போனது, எல்லாவற்றையும். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன், இருந்தும் அழுதேன். என் ஆசைக்காக ஒரு தாயிடமிருந்து அவள் பிள்ளையின் அடையாளத்தை அறுத்தெடுத்துவிட்டேன். ஒன்பது வயது என்று எத்தனை தடவை சொன்னாலும் அறுத்த கை இதுதான்.

அவர் அழவில்லை. "அப்ப அந்த வெறுங்கயிறோட கிடந்த பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அவனை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டெல்லோ வந்தனான்" என்றார். "மூண்டு முழம் இடுப்பில கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான். நான் வாசலில நிண்டு என்ர பிள்ளையில்லை எண்டு சொல்லியிருக்கிறன்."

நான் அவர் காலடியில் இருந்தேன். தொட வேண்டும்போல் இருந்தது, தொடவில்லை. வெளியே யாரோ மீன் விலை கேட்டுச் சத்தம் போட்டார்கள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, "நீங்கள் இப்ப போங்கோ பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை, அதை நான் கேட்கவும் இல்லை.

படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். வாசலில் நின்றார், வள்ளம் இடுப்பில், பிள்ளையை வைத்திருப்பதுபோல.

"அந்தப் படத்தில கயிறு வெளியால போகுதெல்லோ. மற்ற நுனியையும் கீறுங்கோ."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்திருப்பார்.

"அண்டைக்கு நான் பாக்கேல்லை" என்றார். "நீங்கள் கீறித் தந்தா நான் பாப்பன்."

அன்றைக்கே மண்டபத்திலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதன் பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொரு துணியை இழுத்துக் கட்டிப் பூட்டியிருக்கிறேன். கயிறு இப்போது விளிம்பில் நிற்பதில்லை. அவர் முழங்கையை வைத்தே அளந்து தந்தார். படத்தின் அளவுக்குப் பெருக்கி மூன்று முழமும் வரைந்து முடித்துவிட்டேன். மூன்று மாதம் எடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் மண்டப வேலை முடிந்து வருவார், அம்மா கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிப்பார், அறைக்குள் வரமாட்டார். "எவ்வளவு மட்டும் வந்திட்டுது?" என்று வாசலில் நின்று கேட்பார்.

போன வெள்ளி, "இடுப்பு மட்டும்" என்றேன்.

அவர் பையிலிருந்து சுவரில் தொங்கிய அந்தச் சின்னப் படத்தை எடுத்துத் தந்தார். சட்டத்தைச் சுற்றி ஒரு மாலை இருந்தது. மாலையை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கீறுங்கோ" என்றார். பிறகு முதல் தடவையாக உள்ளே வந்து, துணிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.